வருஷத்துக்கு வந்த விருந்தாளிகள்

யாழ்ப்பாணத்தில் ‘வருஷம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பன்னிரண்டு மாதங்கள் கொண்ட ஆண்டு என்பது ஒன்று. சித்திரை பிறக்கும் அன்று கொண்டாடப்படும் பெருநாள் என்பது மற்றையது. “வருஷத்துக்கு வருவியோ?” என்று கடிதத்தின் கடைசி வரியில் கேட்டு எழுதிய தாய்மாரின் பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் பேரப்பிள்ளை காணும் வயதை எட்டிவிட்டார்கள். அந்தக் கேள்வியின் பொருளை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. யார் யார் எந்த எந்த ஆண்டில் வரக்கூடியதாக இருந்தது, யாரால் வர முடியாமற் போனது என்பதே அந்தச் சரித்திரம். பஞ்சாங்கத்தில் அது எழுதப்படுவதில்லை.

இலங்கையில் சிங்களவரும் தமிழரும் ஒரே நாளிற் கொண்டாடும் பெருநாள் இது ஒன்றே என்று ஒவ்வோர் ஏப்ரலிலும் தலைவர்கள் வாழ்த்துச் செய்தி விடுப்பார்கள். பத்திரிகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். ஆண்டை மாற்றி முன்னைய ஆண்டின் செய்தியையே போட்டாலும் எவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆயினும் அந்தச் சம்பிரதாய வாக்கியத்தின் அடியில் உண்மை இல்லாமல் இல்லை.

1660 இல் கண்டி மன்னனிடம் சிறைப்பட்டு, 1679 இல் தப்பியோடிய ஆங்கிலேய மாலுமி றொபர்ட் நொக்ஸ், 1681 இல் லண்டனில் வெளியிட்ட நூலிற் கண்டி இராச்சியத்தின் ஆண்டுப் பிறப்பைக் குறிப்பிடுகிறார். மார்ச் 28 ஆம் திகதி, சில வேளை 27, மிக அரிதாக 29 என்பது அவர் தரும் கணக்கு. இதைப் படிக்கும் இளைஞர்கள் ‘அப்போது மார்ச் மாதத்திலா கொண்டாடினார்கள்?’ என்று வியப்பதுண்டு. அன்றைய ஆங்கில நாட்காட்டி இன்றையதிலும் பத்து நாள் பின்தங்கி நின்றது. பத்து நாளைக் கூட்டினால் ஏப்ரல் 7 வரும். நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் நமது ஆண்டு ஏறக்குறைய அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னே தள்ளிப்போவதையும் சேர்த்தால் இன்றைய 13, 14 ஆம் திகதிகளில் வந்து நிற்கும். கணக்குப் பிசகவில்லை. நொக்ஸ் கண்ட கண்டியில் அந்த நாளில் மன்னன் சடங்குடன் தலை முழுகுவான். பிரதானிகள் காணிக்கையும் வரியும் கொண்டு செல்வார்கள். கண்டியில் ஆண்டுக்கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்ட நொக்ஸுக்குக் கிடைத்த விடையில் சக வருஷத்தின் பெயர் இருக்கிறது. யாழ்ப்பாண அரசர் காலத்தில் ‘செகராசசேகரமாலை’ என்ற சோதிட நூலை எழுதியவர்களும் அதே வானத்தைத்தான் பார்த்தார்கள். 2008 இல் தமிழ்நாட்டு அரசு சட்டமியற்றித் தைமாதத்துக்கு ஆண்டுப் பிறப்பை மாற்றியபோதும், 2011 இல் அச்சட்டம் நீக்கப்பட்டபோதும், இலங்கைத் தமிழர் பெரும்பாலும் அசையாமல் இருந்ததற்குக் காரணம் சாத்திர ஈடுபாடு மாத்திரமல்ல. பக்கத்து வீட்டுக்காரரும் அதே நாளில்தான் பால் காய்ச்சுகிறார் என்பதும் ஒரு காரணம்.

பக்கத்து வீடு என்று எழுதிவிட்டேன். எனது வாழ்வில் அந்தப் பக்கத்து வீடு முதன்முதலிற் குருநாகல் மாவட்டத்தில், பொல்கஹவெலவுக்கு அண்மையில் இருந்தது.

1995 ஆம் ஆண்டு. சந்திரிகா குமாரதுங்க ஆட்சிக்கு வந்து, அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்தம் ஜனவரி 8 ஆம் திகதி நடைமுறைக்கு வந்திருந்தது. நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போவதென்றால் தாண்டிக்குளம் தாண்டி, வன்னியூடாகச் சென்று, கிளாலிக் கடலிற் படகேறவேண்டும். விடுமுறை போதாது. எங்கள் நிறுவனத்திற் சிங்களப் பத்திரிகையிற் பணியாற்றிய நண்பர் ஒருவர், “அறையில் இருந்து என்ன செய்யப் போகிறீர்? எங்கள் ஊருக்கு வாரும்” என்றார். போனேன்.

சிங்களக் கிராமமொன்றின் புத்தாண்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. நமது விஷு புண்ணிய காலம் எட்டு மணித்தியாலம். சங்கிரமணத்துக்கு முன் நான்கு, பின் நான்கு. அவர்களுடைய ‘நொனகத்தய’ பன்னிரண்டு மணி 48 நிமிடம். சூரிய பிம்பம் முழுமையாக ஓர் இராசியிலிருந்து மற்றதற்குக் கடக்கும் நேரம் அதுவென்பது அவர்கள் கணக்கு. நாம் அந்த நேரத்தில் மருத்துநீர் வைத்து முழுகிப் பூசை செய்கிறோம். அவர்கள் அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, வேலை எதுவும் செய்யாமல், விகாரைக்குப் போய்வந்து, பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டு காத்திருக்கிறார்கள். பின்னர் சுபநேரத்தில், சொல்லப்பட்ட திசையை நோக்கி அடுப்பு மூட்டிப் புதுப் பானையிற் பால் பொங்க விடுகிறார்கள். பானை விளிம்பில் நுரை ததும்பி வழிந்தபோது என் வாய் தன்னையறியாமல் “பொங்கலோ” என்றது. நண்பரின் தாயார் சிரித்தார். கைவிசேஷமும் அங்கே இருந்தது. வெற்றிலையில் நாணயம் வைத்துக் கொடுத்தல், வாங்கல். இரண்டு நாள் கழித்துத் தலையிலும் காலிலும் இலை வைத்து எண்ணெய் பூசும் சடங்கும் இருந்தது. நாம் மருத்துநீருக்குச் செய்வதை அவர்கள் எண்ணெய்க்குச் செய்கிறார்கள்.

மேசையில் பாற்சோறு, வாழைப்பழம், கெவும், கொக்கிஸ், ஆஸ்மி, அலுவா, அத்திரஸ எல்லாம் இருந்தன. அத்திரஸ என்பது நமது அதிரசம். யாழ்ப்பாணத்தில் அதுவே ‘அரியதரம்’ ஆகிவிட்டது. திருப்பதிக் கோயிற் கல்வெட்டுகளில் இறைவனுக்குரிய படையல்களுள் அதிரசப்படி இடம்பெறுகிறது. அங்கிருந்து பொல்கஹவெல மேசை வரைக்கும் அந்தப் பலகாரம் நடந்து வந்த வழியை எவராவது ஆய்வு செய்தால் நல்லது. கொக்கிஸ் வேறு வழியாக வந்தது. டச்சு மொழியிற் சிறு பலகாரத்தைக் குறிக்கும் ‘கூக்யெஸ்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஒல்லாந்தர் 1656 இற் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, 1796 வரை கரையோரத்தை ஆண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கோட்டைகளிலும் பார்க்கக் கொக்கிஸ் உறுதியாக நிற்கிறது. இன்று அது இல்லாத சிங்களப் புத்தாண்டுப் பந்தியைக் கற்பனை செய்யமுடியாது. தொன்றுதொட்ட மரபு என்று மேடையிற் பேசுவோர் அந்தப் பெயரைச் சற்று உரக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து துணியால் மூடிய தட்டொன்றை ஏந்திக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். இராணுவத்திற் சேர்ந்து இரண்டு ஆண்டு. பலாலியில் பணி. போர்நிறுத்தம் என்பதால் விடுமுறை கிடைத்திருந்தது. நண்பர் என்னை யாழ்ப்பாணத்தவர் என்று அறிமுகப்படுத்தியதும் ஒரு கணம் நிமிர்ந்து நின்றான்; பின்னர் எனக்கு எதிரே அமர்ந்து பாற்சோறு சாப்பிட்டான். “உங்கள் ஊரில் இரண்டு ஆண்டு இருந்திருக்கிறேன், ஐயா. பனைமரங்களின் உச்சியைத் தவிர ஒன்றும் கண்டதில்லை” என்றான். முகாம் வேலிக்கு அப்பால் அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த வருஷம் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று இருவரையும் அழைத்தேன். அந்த நாட்களில் அப்படி அழைப்பது நடைமுறைக்கு ஒவ்வாத பேச்சாகத் தோன்றவில்லை.

அது ஏப்ரல் 14. ஐந்து நாள் கழித்து, 19 ஆம் திகதி, திருகோணமலைத் துறைமுகத்திற் கடற்படைக் கலங்கள் விடுதலைப் புலிகளால் தகர்க்கப்பட்டன. போர்நிறுத்தம் முடிந்தது.

அடுத்த வருஷம் எங்கள் வீட்டில் எங்கள் வீட்டாரே இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றதை வாசகர்கள் அறிவார்கள். பலர் அந்தச் சனத்துக்குள் நடந்தவர்கள். கோண்டாவிலிலிருந்து அம்மாவும் போனார். மட்டுவிலில் முன்பின் அறியாத ஒரு குடும்பம் தங்கள் வீட்டு விறாந்தையைக் கொடுத்தது. அந்த வளவிலே முப்பது பேருக்கு மேல் இருந்தார்களாம். 1996 இல் வருஷம் பிறந்தது ஏப்ரல் 13 இல். இங்கே ஒரு சிக்கல். எங்கள் வீடு வாக்கிய பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் வீடு. மட்டுவில் வீட்டுக்காரர் திருக்கணிதம். இரண்டிலும் பிறப்பு நேரம் வேறு. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இதற்காகச் சம்பந்திகளோடு கோபித்துக்கொண்ட கதைகள் உண்டு. அம்மா திருக்கணித நேரத்தில் முழுகினார். “அவையின்ரை கிணறு, அவையின்ரை அடுப்பு. அவையின்ரை வருஷந்தானே பிறக்கவேணும்” என்று பின்னர் எனக்குச் சொன்னார்.

அந்த வீட்டுக்காரி ஒரு வேளைக்கு முப்பது பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். சீனி இல்லை, பனங்கட்டி. முந்திரிகைவற்றல் இல்லை. 1990 ஜூன் தொடக்கம் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டிருந்தது. மக்கள் ஜாம் போத்தலில் ஒரு கரண்டி மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்த காலம். அந்த நிலையிலும் அவர் ஒவ்வொருவர் கையிலும் வெற்றிலையும் நெல்லும் நாணயமும் வைத்துக் கைவிசேஷம் கொடுத்தாராம். முப்பது நாணயத்துக்கு எங்கே போனார் என்று அம்மா நெடுநாள் வியந்தார். ஆறு நாள் கழித்துத் தென்மராட்சிக்குள் இராணுவம் நகர்ந்தது. மக்கள் வலிகாமம் திரும்பினார்கள். வீட்டில் ஓடு இருந்தது, கதவு இருக்கவில்லை.

அதே ஆண்டு ஜூலை 18 ஆம் திகதி முல்லைத்தீவு இராணுவ முகாம் தாக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் மாண்டனர். பலாலியிலிருந்து அங்கே மாற்றப்பட்டிருந்த அந்த இளைஞனும் அவர்களுள் ஒருவன். நண்பர் எனக்கு அதை அலுவலகப் படிக்கட்டில் நின்று சொன்னார். நான் அப்போது முல்லைத்தீவுச் செய்தியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

2002 பெப்ரவரி 22 ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்கவின் அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையிற் கையெழுத்திட்டார்கள். ஏப்ரல் 8 ஆம் திகதி ஏ-9 வீதி முகமாலையூடாக யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்டது. ஏப்ரல் 10 ஆம் திகதி கிளிநொச்சியிற் பிரபாகரனின் பத்திரிகையாளர் மாநாடு. உலகத்துப் பத்திரிகையாளர் நூற்றுக்கணக்கில் வன்னிக்குள் வந்து, வியர்வையிற் குளித்து, இரவு வரை காத்திருந்த நிகழ்ச்சி அது. நானும் குருநாகல் நண்பரும் அங்கே இருந்தோம். அடுத்த நாள் வவுனியாவுக்குத் திரும்பி, அங்கே எங்களுக்காகப் புத்தளத்திலிருந்து வந்து காத்திருந்த மூன்றாமவரை ஏற்றிக்கொண்டோம்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலைப்பீடத்தில் என்னோடு படித்தவர். வீடு சோனகத் தெருவில். நோன்புப் பெருநாளென்றால் அவருடைய வீட்டில் எங்களுக்குப் பந்தி. வருஷமென்றால் அவர் எங்கள் வீட்டில். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் உத்தரவிடப்பட்டார்கள். நகையும் பணமும் வழியிற் பறிக்கப்பட்டன. வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக்கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். அன்று நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். அவர் வீட்டுக்குப் போகவில்லை. பின்னேரந்தான் கேள்விப்பட்டேன் என்று பலமுறை பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கேள்விப்பட்டது பின்னேரந்தான் என்பது உண்மை. முன்னதாகக் கேள்விப்பட்டிருந்தால் போயிருப்பேனா என்பதற்கு எனக்கு விடை தெரியாது. அவர் என்னிடம் அதைக் கேட்டதும் இல்லை. புத்தளத்திலிருந்து 1993 இல் ஒரு தபாலட்டை வந்தது. அதிலிருந்து மீண்டும் தொடர்பு.

வானில் மூன்று பேரிடமும் பொதிகள். எனது பை முழுவதும் அம்மாவுக்கு வாங்கிய கொழும்புச் சாமான்கள். குருநாகல் நண்பரின் தாயார் பெரிய பிஸ்கற் தகரமொன்றிற் கெவும், கொக்கிஸ் நிரப்பிக் கொடுத்திருந்தார். கூடவே, பத்திரிகைத் தாளிற் சுற்றிய சிறு பொதியொன்று. அது பக்கத்து வீட்டுத் தாய் கொடுத்தது. ‘வடக்கே போகிறீர்களாம், யாருக்காவது கொடுங்கள்’ என்பது அவர் சொன்னது. மகனின் உடல் அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. புத்தளத்து நண்பர் தொதல் கொண்டுவந்தார். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மலாயரோடு இந்நாட்டுக்கு வந்த பலகாரம் அது. வட்டிலப்பம் கொண்டுவரத்தான் ஆசை, சித்திரை வெயிலிற் பழுதாகிவிடும் என்று அவருடைய மனைவி தடுத்துவிட்டாராம்.

ஓமந்தையில் இராணுவம் தகரத்தைத் திறந்து பார்த்தது. அடுத்த சாவடியிற் புலிகள் திறந்து பார்த்தார்கள். சோதனை செய்த பையனுக்கு இருபது வயது இருக்காது. “இதென்ன?” என்று கொக்கிஸைக் காட்டிக் கேட்டான். விளக்கினோம். குருநாகல் நண்பர் பத்திரிகைத் தாட்பொதியைப் பிரித்து ஒரு கெவுத்தை நீட்டினார். கடமை நேரத்தில் வாங்கக்கூடாது என்றான். பின்னர் திரும்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். வழியெல்லாம் தலையிழந்த பனைகள், கண்ணிவெடி அடையாளங்கள், ஆனையிறவின் சிதைந்த இரும்புகள், 2000 ஆம் ஆண்டுச் சண்டையிற் கல்லும் மண்ணுமாகிப்போன சாவகச்சேரி. முகமாலையில் மறுபடியும் இராணுவம், மறுபடியும் தகரம்.

மறுநாட் காலை புத்தளத்து நண்பரோடு சோனகத் தெருவுக்குப் போனோம். கூரை இல்லை. யன்னல், கதவு, நிலை எதுவும் இல்லை. நிலத்திலே பதித்த ஓடுகளையும் கிளப்பியிருந்தார்கள். குசினி இருந்த இடத்தில் ஒரு பூவரசு முளைத்து நின்றது. அவர் சுவர்களை அளந்து பார்ப்பவர்போல ஒருமுறை சுற்றி நடந்தார். கிணற்றை எட்டிப் பார்த்துத் “தண்ணி கிடக்கு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சித்திரபானு வருஷம் ஏப்ரல் 14 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பிறந்தது. அம்மா விடியற்காலையில் மூவர் தலையிலும் மருத்துநீர் வைத்தார். “இவருக்கு வைக்கலாமோ?” என்று புத்தளத்து நண்பரைப் பார்த்து நான் தயங்கியபோது, “முந்தி எத்தினை தரம் வைச்சனான். அது மருந்துதானே மோனே” என்றார். நண்பர் குனிந்து தலையைக் கொடுத்தார். அடுப்பு மூட்டியபோது குருநாகல் நண்பருக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுடைய கணக்குப்படி அது இன்னும் நொனகத்தய; எங்கள் புண்ணிய காலம் முடிந்து இரண்டு மணி 24 நிமிடம் கழித்தே அவர்களுக்கு முடியும். “அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்” என்று சிங்களத்திற் சொல்லிவிட்டுப் பொங்கலைச் சாப்பிட்டார்.

மத்தியானப் பந்தி மரக்கறி. வருஷத்தன்று எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய், பருப்பு, மாங்காய்ப் பச்சடி, வடை, பாயாசம். பலகாரத் தட்டில் பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு. அவற்றோடு தகரத்திலிருந்து எடுத்த கெவும், கொக்கிஸ், தொதல். கொக்கிஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த அம்மா, “இது எங்கடை அச்சுப் பலகாரமெல்லே” என்றார். பரணில் ஏறித் தேடச் சொல்லி, கறுத்துப்போன பித்தளை அச்சொன்றை எடுப்பித்தார். கொக்கிஸின் இதழும் அந்த அச்சின் இதழும் ஒன்றோடொன்று பொருந்தின. 1995 இடப்பெயர்விற் கதவு போன வீட்டில் அச்சு எப்படித் தப்பியது என்பது அடுத்த கேள்வி. அதைப் பற்றிய பேச்சு அரை மணித்தியாலம் நீண்டது. குருநாகல் நண்பருக்குத் தமிழ் தெரியாது; அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அந்த அரை மணித்தியாலத்தில் மொழிபெயர்ப்பாளனாக என்னை எவரும் தேடவில்லை.

சாப்பாட்டின் நடுவே வானொலிச் செய்தி. முதல் நாள், ஏப்ரல் 13 ஆம் திகதி, கிளிநொச்சியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் சந்தித்து, வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் மீளக் குடியேறலாம் என்ற உடன்பாட்டில் ஒப்பமிட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் புத்தளத்து நண்பரைப் பார்த்தோம். அவர் வானொலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி முடிந்து பாட்டுத் தொடங்கியதும், “அம்மா, இன்னொரு வடை தாங்கோ” என்றார்.

வருஷத்துக்கு அடுத்த நாள் யாழ்ப்பாணத்தில் ஆட்டிறைச்சி. ஊரிற் சிலர் சேர்ந்து ஓர் ஆட்டை அடித்துப் பங்கு போடுவது வழக்கம். 1990 க்கு முன்னர் நகரத்திற் பலருக்கு இறைச்சி வந்தது சோனகரின் கடைகளிலிருந்து. அவர்கள் போனபின் அந்த வழி அற்றுப்போனது. அம்மா முன்னரே பங்குக்காரரிடம் தனக்கு இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். “அந்தப் பிள்ளை தின்னாது, பிறகென்னத்துக்கு?” பாசையூரிலிருந்து மீனும் இறாலும் வாங்கி ஒடியற் கூழ் காய்ச்சினார். முற்றத்தில் வேம்பின் கீழ் இருந்து பனையோலைப் பிளாவிற் குடித்தோம். குருநாகல் நண்பருக்கு உறைப்பிற் கண்ணீர் வந்தது. மூன்று பிளா குடித்தார்.

அதன் பின் நடந்தவற்றை நீட்டி எழுதத் தேவையில்லை. 2003, 2004, 2005 ஆண்டுகளில் யாராவது வந்தார்கள். 2006 ஏப்ரல் 12 ஆம் திகதி, வருஷத்துக்கு இரண்டு நாள் முன்பு, சனம் பலகாரத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்த வேளையில் திருகோணமலைச் சந்தையிற் குண்டு வெடித்தது. தொடர்ந்து தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. ஓகஸ்ட் 11 ஆம் திகதி ஏ-9 மூடப்பட்டது. அம்மா 2008 மார்கழியில் காலமானார். விமானச் சீட்டுக் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தது எட்டுச் செலவன்று. குருநாகல் நண்பருக்கு அனுமதி கிடைக்கவில்லை. புத்தளத்து நண்பர் தொலைபேசியில் நெடுநேரம் அழுதார். தொலைபேசியை வைக்கும்போது, “மச்சான், அந்த அச்சை யாருக்கும் குடுத்துப் போடாதை” என்றார். அந்த நேரத்தில் அப்படியொரு வார்த்தையை அவர் ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

2022 ஏப்ரலில் கொழும்பிற் காலிமுகத்திடலிற் போராட்டக்காரர்கள் புத்தாண்டுக்குப் பாற்சோறு சமைத்துப் பகிர்ந்தபோது குருநாகல் நண்பர் என்னை அழைத்தார். வீட்டில் எரிவாயு இல்லை, பால்மா இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை என்று சொன்னார். “1996 இல் உன் அம்மாவுக்குப் பனங்கட்டிப் பொங்கல் கொடுத்தாரே ஒரு பெண், அவரை இன்றைக்கு நினைத்தேன்” என்றார். அந்தக் கதையை நான் அவருக்கு எப்போதோ ஒரு முறைதான் சொல்லியிருப்பேன். அந்தப் பெண்ணைப் பற்றிப் பின்னர் விசாரித்தேன். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் அவர்கள் மட்டுவிலை விட்டுப் போனதாகவும் பின் கனடாவுக்குச் சென்றதாகவும் அயலவர் சொன்னார்கள். இதைப் படிக்கும் எவராவது அந்த வீட்டவராக இருந்தால், அந்த முப்பது நாணயத்தைப் பற்றி எனக்கு எழுத வேண்டுகிறேன்.

2024 இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 10 ஆம் திகதி வந்தது. வருஷம் 13 ஆம் திகதி இரவு பிறந்தது. போர் முடிந்து புத்தளத்து நண்பர் சோனகத் தெருவில் இரண்டு அறையும் குசினியும் கட்டியிருக்கிறார். பிள்ளைகள் புத்தளத்திற் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து குடியிருக்கப் போவதில்லை என்று அவரே சொல்கிறார். பெருநாட் பந்திக்கு எங்களை அழைத்தார். குருநாகல் நண்பர் பஸ்ஸில் வந்திறங்கினார். ஓய்வு பெற்றபின் உடல் தடித்துவிட்டது. தாயார் இல்லை, பக்கத்து வீட்டுத் தாயும் இல்லை. பிரியாணி முடிந்து வட்டிலப்பம் வந்தபோது, வட்டிலில் அவிக்கும் அப்பம் என்பதே அந்தப் பெயரின் பொருள் என்று நான் சொல்லத் தொடங்க, புத்தளத்து நண்பரின் மனைவி, “அண்ணை, முதல் சாப்பிடுங்கோ” என்றார்.

13 ஆம் திகதி கோண்டாவில் வீட்டில் எனது மனைவி அச்சுப் பலகாரம் சுட்டார். அச்சைப் போதிய நேரம் எண்ணெயிற் காயவிடாததாற் கலவை அதில் ஒட்டிக்கொண்டது. ஒன்றும் கழன்று விழவில்லை. குருநாகல் நண்பர் குசினிக்குள் நுழைந்து, தன் தாயார் செய்வதைப் பார்த்த நினைவில், அச்சை எண்ணெய்க்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தார். புத்தளத்து நண்பர் வாசற்படியில் இருந்து, நெருப்பைக் குறை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவதோ ஐந்தாவதோ முழுசாக விழுந்தது.